துறுதுறு நாய்க்கு ஒரு தொழில்

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டு நாய்க்கு இரண்டு வயது. பெயர் மணி. ஜாதி கேட்டால் சொல்ல முடியாது. தெருவில் மழையில் நனைந்து நின்ற குட்டியைக் குழந்தைகள் தூக்கி வந்து வளர்த்தார்களாம். இன்றைக்கு அந்த மணி செய்கிற அட்டகாசத்துக்கு ஒரு ஜாபிதாவே போட்டு அனுப்பியிருக்கிறார்: கொடியில் உலர்த்திய புடவை இரண்டு கிழிந்தது, வாசல் மணி அடித்தால் வருகிறவர் தோள்மேல் இரண்டு காலையும் போடுவது, மாமியார் பூத்தொடுத்துக் கொண்டிருக்கும்போது கூடையோடு பறித்துக்கொண்டு ஓடியது, செருப்புக் கணக்கு தனி. "அடுத்த மாதத்துக்குள் இதை எங்கேயாவது கிராமத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியது தான் என்கிறார் இவர். குழந்தைகள் சாப்பிட மாட்டேன் என்று அழுகிறார்கள். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டு தான் போகிறோம். திரும்பி வந்ததும் புதுத் தெம்போடு ஆரம்பித்து விடுகிறது. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிச் சமாசாரம் தான். நடத்தினால் நாய்க்குக் கால் வலுக்கும். தினம் இரண்டு மணி நேரம் நடக்கிற நாய், சில மாதங்களில் மூன்று மணி நேரம் நடக்கத் தயாராகிவிடும். அலுத்துப் போகிறவர் நீங்கள் தான், அது இல்லை. மணிக்குக் கால்களுக்கு வேலை இருக்கிறது, தலைக்கு வேலை இல்லை. வேலையில்லாத மூளை புடவையைக் கிழிக்கிறது. நம் வீட்டுப் பையன்கள் கோடை விடுமுறையில் என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

கிராமத்துப் பக்கம் கொண்டுபோய் விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாயை முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிட்டால் அந்த ஊர் நாய்கள் அதை வரவேற்று விருந்து வைப்பதில்லை. அது பட்டினியில் தவிக்கும்படி விட்டு வருவது சட்டப்படியும் குற்றம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் என்று 1960-ம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒன்று இயற்றியது. இன்றும் அது அமலில் இருக்கிறது. அதிலே அநேகர் அறியாத ஒரு பிரிவு உண்டு. எப்போதும் கட்டிப் போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தகுந்த உடற்பயிற்சி தராமல் இருப்பதையும் கொடுமை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது! ஆகவே சங்கிலியை இன்னும் கெட்டியாக வாங்குவது என்ற யோசனையையும் விட்டுவிடுவோம்.

பின்னே என்ன வழி? கொல்லைப்புறத்தில் நாலு செங்கல்லும் ஒரு மூங்கில் கழியும் இருந்தால் வழி இருக்கிறது.

இங்கிலாந்தில் 'கிரப்ட்ஸ்' என்று பெரிய நாய்க் கண்காட்சி வருஷா வருஷம் நடக்கும். 1978-ம் வருஷம், ஒலிம்பியா மண்டபத்தில், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவே ஜனங்கள் கொட்டாவி விடாமல் இருக்க ஏதாவது வேடிக்கை வேண்டும் என்று கமிட்டியைச் சேர்ந்த ஜான் வார்லி என்பவர் யோசித்தார். குதிரைகள் தடை தாண்டுவதைப் போல நாய்களைத் தாண்ட வைத்தால் என்ன? பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். இடைவேளையை நிரப்ப வந்த வேடிக்கை சபையையே கவர்ந்துவிட்டது. இரண்டே வருஷத்தில், 1980-ல், அங்கேயுள்ள கென்னல் கிளப் அதற்கு விதிகள் வகுத்தது. 'அஜிலிட்டி' என்று பெயர். தாண்டுகிற கம்பு, நுழைந்து போகிற குகை, வளைந்து வளைந்து போகிற கழிகள், ஏறி இறங்குகிற பலகை, இவற்றையெல்லாம் நாய் வரிசை தப்பாமல், எஜமானரின் கைஜாடையைப் பார்த்து, ஓட்டமாக ஓடி முடிக்க வேண்டும். எஜமானர் நாயையும் தொடக்கூடாது, தடைகளையும் தொடக்கூடாது. பந்தயத்தில் கையில் தின்பண்டமும் வைத்திருக்கக் கூடாது. கூடவே ஓட வேண்டியது தான்.

நமக்குப் பந்தயம் வேண்டாம். ஆனால் அந்த விளையாட்டில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. நாய் முழு வேகத்தில் ஓடும்போதே, அடுத்தது என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. துள்ளுகிற நாயிடம் நமக்கு வேண்டியது அந்தப் பார்வை தானே?

முதல் பாடம் தாண்டுவதில்லை. வீட்டில் பழைய பலகை மணை இருக்கிறதா? சாப்பாட்டு மேஜை வந்த பிறகு பரணில் ஏறிவிட்ட மணை. அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். பெரிய நாயானால் இரண்டு மணைகளைச் சேர்த்து, மேலே ஒரு கோணியையோ, வாங்கிய உற்சாகத்தில் நாலு நாள் மட்டும் விரித்த யோகா விரிப்பையோ, வழுக்காமல் இருக்கக் கட்டிவிடுங்கள். கொல்லையின் நடுவில் போடுங்கள். நாய் ஒரு காலை அதன்மேல் வைத்தாலும் போதும், அந்தக் கணமே "சபாஷ்!" என்று சொல்லி ஒரு துணுக்குத் தின்பண்டம் கொடுங்கள். சிறிது நேரத்தில் நாலு காலையும் வைத்துக்கொண்டு "இப்போது என்ன சொல்கிறாய்?" என்று உங்களைப் பார்க்கும்.

"சபாஷ்" என்பதை வீட்டில் யார் சொன்னாலும் ஒரே மாதிரி, சுருக்கென்று சொல்ல வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. 1960-களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய காரன் பிரையர் என்ற அமெரிக்க மாது, அந்த வித்தையைப் பிற்பாடு நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பினார். 1984-ல் புத்தகமும் எழுதினார். டால்பினைச் சங்கிலியால் இழுக்க முடியாது, பிரம்பால் அடிக்கவும் முடியாது. பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். அது சரியாகக் குதித்த அந்த நொடியில் ஒரு விசில். விசில் கேட்டால் மீன் உண்டு என்று அதற்குத் தெரியும். மீன் கொஞ்சம் தாமதித்து வந்தாலும் பரவாயில்லை, எதற்காகக் கிடைத்தது என்று விசில் சொல்லிவிடுகிறது. நம் "சபாஷ்" அந்த விசில். சொல்லிவிட்டுத் தின்பண்டம் தராமல் ஏமாற்றக் கூடாது. தப்பாகச் செய்தால்? ஒன்றும் சொல்ல வேண்டாம். மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதட்டினாலும் அடித்தாலும் நாய் புதிதாக ஒன்றையும் முயன்று பார்க்காமல் வாலை இடுக்கிக்கொண்டு நின்றுவிடும். புடவை கிழிப்பதை மட்டும் நீங்கள் இல்லாத நேரத்துக்கு ஒத்தி வைத்துக்கொள்ளும்.

மணையில் ஏறிய பிறகு அடுத்த பாடம் "இரு." ஒரு விநாடி இருந்தால் சபாஷ். அப்புறம் இரண்டு விநாடி. பிறகு நீங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்து பாருங்கள், பிறகு இரண்டடி. "போ" என்று நீங்கள் சொன்ன பிறகு தான் இறங்க வேண்டும். அது தானாக இறங்கிவிட்டால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுபடி ஒரு விநாடியிலிருந்து ஆரம்பியுங்கள். பந்தயங்களிலும் இப்படி ஒரு மேஜை உண்டு. ஓடிவந்த நாய் அதன்மேல் ஐந்து விநாடி அசையாமல் இருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தாண்டுவது தான் வேடிக்கை. எனக்கு அந்த ஐந்து விநாடி தான் வேடிக்கை. உடம்பெல்லாம் ஓட்டம் துடிக்க, கண்ணை மட்டும் எஜமானர்மேல் வைத்துக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்தால், இதுவா செருப்பைத் தின்றது என்று தோன்றும்.

இது கொல்லையில் நன்றாகப் படிந்ததும் மணையைக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். வாசல் கதவிலிருந்து பத்தடி தள்ளிப் போடுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் வெளியே போய் மணியை அடிக்கட்டும். மணி அடித்தால் மணைக்கு ஓட வேண்டும், அங்கே சபாஷும் துணுக்கும் கிடைக்கும். இதை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வீட்டு மனிதர்களை வைத்தே ஒத்திகை பாருங்கள். குழந்தைகளுக்கு இந்த உத்தியோகம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். உண்மையான விருந்தாளி வருவதற்கு முன்னால் சில வாரங்களாவது இந்த ஒத்திகை நடக்கட்டும். மாம்பலத்துச் சகோதரிக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகளில் முதல் இடம் இதற்குத் தான். மாமியார் கையாலேயே தினம் இரண்டு துணுக்குக் கொடுக்கச் சொல்லவும். பூக்கூடையைப் பறித்தவனும் தானம் கொடுப்பவர் எதிரே மரியாதையாக உட்காருவான். இவருடைய கெடுவையும் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இது தெரியாத கலை அல்ல.

இனித் தாண்டுவதற்கு வரலாம். இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு லேசான கழியைச் சும்மா வைக்க வேண்டும். பிளம்பர் விட்டுப் போன பி.வி.சி. குழாய் ரொம்ப உத்தமம். கட்டிவிடக் கூடாது, நாயின் கால் பட்டால் கழி கீழே விழ வேண்டும், நாய் விழக்கூடாது. முதல் வாரம் கழியைத் தரையிலேயே போட்டு, தாண்டி நடக்க வையுங்கள். பிறகு ஒரு செங்கல் உயரம். வீட்டு விளையாட்டுக்கு நாயின் முழங்கைக்கு மேல் உயர்த்தவே வேண்டாம். உயரம் தாண்டுவதில் நாய்க்கு ஒரு புத்தியும் வளர்வதில்லை, மூட்டு தான் தேய்கிறது. சிமெண்டுத் தரையிலும் ஓடு பதித்த தரையிலும் தாண்ட விடாதீர்கள்; மண் அல்லது புல் வேண்டும். மொட்டை மாடியில் மணைப் பாடம் நடத்தலாம், தாண்டுகிற பாடம் கூடவே கூடாது. கைப்பிடிச் சுவரும் ஒரு தடை என்று நாய் எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குட்டிகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வளரும் நாயின் எலும்பு நுனிகள் மிருதுவாக இருக்கும். அவை முற்றி இறுகச் சாதாரணமாக ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை ஆகும். பெரிய ஜாதியானால் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை உயரத் தாண்டுவதும், கழிகளுக்கிடையே உடம்பை முறுக்கி ஓடுவதும் வேண்டாம். பிரிட்டனில் ஒன்றரை வயது ஆகாத நாயைப் பந்தயத்தில் சேர்ப்பதே இல்லை. குட்டிக்கு மணையும் குகையும் போதும்.

குகை பண்ணுவது குழந்தைகள் வேலை. பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாக முதுகைக் காட்டி நிறுத்தி, மேலே பழைய நூல் புடவையைப் போர்த்திவிட்டால் ஆயிற்று. காற்றில் பறக்காமல் கீழே கல்லை வையுங்கள். முதலில் இரண்டே இரண்டு நாற்காலி நீளம். இந்தப் பக்கம் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கம் ஒருவர் குனிந்து முகத்தைக் காட்டிக் கூப்பிட வேண்டும். பயந்தால் தள்ளாதீர்கள். இடி, வெடி என்றால் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய்க்கு, இருட்டாகத் தெரிகிற ஒரு துவாரத்தில் தைரியமாக நுழைந்து மறுபக்கம் வெளிச்சத்தில் வருவது பெரிய காரியம். அது வெளியே வரும்போது முகத்தைப் பாருங்கள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த களை இருக்கும்.

பலகை நடை என்று ஒன்று. ஒரு அடி அகலமுள்ள நீளப் பலகையை இரண்டு பக்கமும் ஒரு செங்கல்மேல் ஆடாமல் வைத்து, மெதுவாக நடத்த வேண்டும். பந்தயத்தில் இந்தப் பலகை நாலடி உயரத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் சரிவு. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் வேறு வர்ணம், பெரும்பாலும் மஞ்சள், பூசியிருப்பார்கள். இறங்கும்போது அந்த மஞ்சளில் கால் வைக்காமல் குதித்தால் தப்பு. உயரத்திலிருந்து குதித்துத் தோளை முறித்துக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் இந்த விதி. வீட்டிலும் பலகை நுனியில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, அதன்மேல் நின்ற பிறகே துணுக்குக் கொடுங்கள்.

கழிகளினூடே வளைந்து ஓடுவது தான் இருப்பதிலே கடினமான பாடம். இயற்கையில் எந்த நாயும் அப்படி ஓடாது. பந்தயத்தில் பன்னிரண்டு கழிகள், ஒன்றுக்கொன்று அறுபது சென்டிமீட்டர் தூரம். முதல் கழி நாயின் இடது தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும். நமக்கு ஆறு போதும். அதே இடைவெளியில், மார்பளவு உயரமுள்ள பி.வி.சி. குழாய்களை மண்ணில் நட்டு, நுனியில் மூடி போட்டுவிடுங்கள், கண்ணில் குத்தாமல் இருக்க. முதலில் ஒற்றை வரிசையாக நடாமல், ஒன்று விட்டு ஒன்றை இடமும் வலமுமாக விலக்கி, நடுவே நாய் நேராக ஓட ஒரு சந்து விடுங்கள். மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் இரண்டு விரல் அகலம் சந்தைக் குறுக்கிக்கொண்டே வரவேண்டும். சந்து குறுகக் குறுக நாய் தானாகவே உடம்பை வளைக்கும். இரண்டு மாதம் பிடிக்கும். அவசரப்படுகிறவர்களுக்கு நாலு மாதம்.

இத்தனையிலும் நாய் உங்கள் வாயைவிடக் காலையும் தோளையும் தான் பார்க்கிறது. "வலது பக்கம் போ" என்று கத்திக்கொண்டே நீங்கள் இடது பக்கம் திரும்பி நின்றால், அது இடது பக்கம் தான் போகும். பிசகு அதன் மேல் இல்லை. எங்கே போக வேண்டுமோ அந்தத் தடையைப் பார்த்து உங்கள் கால் விரல்கள் இருக்கட்டும், கை நீண்டிருக்கட்டும். தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வது அவசியம். பறக்கிற தலைப்பும் அதற்கு ஒரு ஜாடை தான். வீட்டுக்கு ஒரு பாஷை என்பதும் முக்கியம். அப்பா "கம்" என்கிறார், அம்மா "வா" என்கிறார், பாட்டி "இங்கே வாடா கண்ணா" என்கிறார், பையன் விசிலடிக்கிறான். நாய் யாரிடம் போகும்? வா, இரு, போ, சபாஷ், இந்த நாலு வார்த்தையைச் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், மிஞ்சினால் எட்டு. அதற்குமேல் நாய்க்கும் அலுப்பு, உங்களுக்கும் கோபம். அது இன்னும் ஒரு தடவை வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஓட விடாதீர்கள்; இரண்டு மணி நேரமாவது போகட்டும். துணுக்கு என்று நான் சொன்னது பட்டாணி அளவு. வேகவைத்த கோழி, முட்டை, சைவ வீடுகளில் பன்னீர், காரட். அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிட வேண்டும். பாயசத்தில் போட எடுத்த திராட்சையை அன்பாக ஊட்டிவிடாதீர்கள். திராட்சை, உலர்ந்ததும் சரி, பச்சையும் சரி, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. வெங்காயமும் சாக்லேட்டும் ஆகாது.

நம் ஊரில் இதையெல்லாம்விடப் பெரிய சங்கதி வெயில். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது தான் அதற்கு விசிறி. காற்றில் ஈரம் மிகுந்த சென்னை போன்ற ஊரில் அந்த விசிறியும் சரியாக வேலை செய்யாது. காலையில் வெயில் ஏறுமுன், மாலையில் தரை ஆறிய பின் மட்டுமே பாடம். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நாயின் உடம்புச் சூடு சுகமாக இருக்கும்போதே 101, 102 டிகிரி இருக்கும். 105-ஐத் தாண்டினால் அபாயம். நாக்கு அகலமாகி, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேலென்று சிவந்து, நடை தள்ளாடினால் அங்கேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறியைப் போட்டு, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைப்பது கூடாது. உள்ளே இருக்கிற சூட்டை அது அடைத்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை, நாய்க்கும் விட்டுவிடுங்கள்.

எல்லா நாய்க்கும் எல்லாப் பாடமும் ஒத்துவராது. சப்பை மூக்கு 'பக்' நாய்க்கு மூச்சே ஒரு போராட்டம். நீண்ட முதுகும் குட்டைக் காலுமாக இருக்கும் 'டாஷண்டு' தாண்டினால் முதுகெலும்புக்கு ஆபத்து. லாப்ரடாரை முதலில் இளைக்க வைத்து, இடுப்பு மூட்டை வைத்தியரிடம் காட்டிய பிறகு ஆரம்பியுங்கள். ஆங்கிலேய, ஸ்காட்லாந்து எல்லையில் ஆடு மேய்க்கப் பழகிய 'பார்டர் காலி' தான் இந்த விளையாட்டில் உலகத்துக்கே ராஜா. ஆனால் நாளெல்லாம் மந்தையை ஓட்டப் பிறந்ததை இரண்டு அறை பிளாட்டில் வாங்கி அடைப்பதை நான் ஒருநாளும் ஒப்ப மாட்டேன். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரை தேடும் வேட்டை நாய்கள். மதிலில் ஒரு அணில் தெரிந்தால் உங்கள் சபாஷ் காற்றோடு போச்சு, பொறுமை வேண்டும். 2005-ல் தபால் தலையில் இடம் பெற்ற ராஜபாளையத்துக்குக் காவல் தான் உயிர், அதற்கு மணைப் பாடம் பிரதானம். இவர்களையெல்லாம்விட நம் தெருவில் பிறந்த மணியைப் போன்ற நாட்டு நாய், லேசான உடம்பும் கூர்மையான புத்தியுமாக, இந்த வித்தைக்கென்றே செய்தது போல் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ரேபிஸ் தடுப்பூசி போட்டு, நகத்தை வெட்டி விட்டு, தைரியமாக ஆரம்பிக்கலாம்.

மழைக்காலத்தில் கொல்லை சேறாகிவிட்டால்? சேற்றில் வழுக்கினால் தசை பிடித்துக்கொள்ளும், ஆகவே வெளியே வேண்டாம். ஒரு பழைய துண்டை விரித்து, அதில் பத்துத் துணுக்குகளைத் தூவி, பாய் சுருட்டுவது போல் சுருட்டிக் கூடத்தில் போடுங்கள். மோப்பம் பிடித்து, மூக்கால் உருட்டி விரித்து, ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும். இதற்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். முடிந்ததும் சுருண்டு தூங்கிவிடும். துண்டை மட்டும் பிறகு எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குளித்துவிட்டு வருகிறவரின் தோளில் கிடக்கும் துண்டிலும் ஏதோ இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடும்.